விலை குறைந்த சாட்டா கார்டில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டிசைன் அறையிலும், கோபி, ஈரோடு பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களிலும் அடிக்கடி நடப்பது இது. மதர்போர்டில் சாட்டா போர்ட் (ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் இடம்) நிறைந்துவிடும். கோவை காந்திபுரம் போய், கூடுதல் போர்ட் தரும் கார்டு ஒன்றை விலை குறைவாக வாங்கிச் செருகுவார்கள். பழைய டிஸ்க் தெரியும், புதுசு தெரியாது. இல்லாவிட்டால், கல்யாண வீடியோ காப்பியாகும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போகும். "டிஸ்க் போயிருச்சுங்க" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தொடங்கும் முன்

விண்டோஸ் "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மட்" செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சில யுஎஸ்பி கேஸ்கள் டிஸ்க்கின் செக்டாரை (தகவல் எழுதும் சிறு கட்டத்தை) 4096 பைட்டாகக் காட்டும். அதே டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கார்டில் மாட்டினால் 512 பைட்டாகத் தெரியும். கணக்கு மாறுவதால் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குப் புரியாது, காலி டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே படங்கள் அப்படியேதான் இருக்கும். பழைய கேஸில் திரும்பப் போட்டால் திறக்கும். வேறு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் செய்யுங்கள்.

1. கார்டை விட்டு மதர்போர்டில் மாட்டுங்கள்

நன்றாக வேலை செய்யும் ஒரு டிஸ்க்கின் போர்ட்டையும் கேபிளையும் தெரியாத டிஸ்க்குக்குக் கொடுங்கள். தெரிந்தால் டிஸ்க் பிழைத்தது. தெரியாவிட்டால் டிஸ்க்கின் மேலே விரலை வைத்துப் பாருங்கள். சுழலும் அதிர்வு இல்லையென்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கரண்ட்

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரே ஸ்பிளிட்டரில் (ஒரு பவர் ஒயரைப் பலவாகப் பிரிக்கும் இணைப்பில்) மூன்று நான்கு டிஸ்க் தொங்கினால் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியிலிருந்து) வரும் தனி ஒயரில் கொடுங்கள்.

எக்ஸ்டர்னல் கேஸிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. சாட்டா பவர் பிளக்கில் உள்ள 15 பின்களில் மூன்றாவதைப் புதிய டிஸ்க்குகள் சில, "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோ அதில் எப்போதும் 3.3 வோல்ட் தருகிறது. அந்த ஒரு பின்னை மட்டும் கேப்டான் (Kapton) என்ற, சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்பால் மறையுங்கள், அல்லது 3.3 வோல்ட் இல்லாத மோலக்ஸ் (பழைய நான்கு பின் பவர் பிளக்) அடாப்டர் போடுங்கள். ஒயரோடு சேர்த்து வார்த்த மலிவு அடாப்டர் வேண்டாம். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது உண்டு.

3. கேபிளும் ஸ்லாட்டும்

பனியன் கம்பெனி சிஸ்டங்களில் பஞ்சுத் தூசு ஸ்லாட்டுக்குள் மெத்தையாகப் படிந்திருக்கும். பவரை முழுதாக நிறுத்தி, கார்டைக் கழற்றி, ஸ்லாட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கார்டின் தங்க நிற விளிம்பைத் துடைத்து மறுபடி செருகுங்கள்.

பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைத் திறந்து, சி7 (கேபிள் வழியில் வந்த பிழைகள்) என்ற வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து மறுபடி பாருங்கள். இந்த எண் எப்போதும் குறையாது. ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் கேபிளை மாற்றுங்கள். 05, சி5 வரிகள் (கெட்ட செக்டார்களின் கணக்கு) ஏறினால் கோளாறு டிஸ்க்கிலேயே இருக்கிறது. சோதனையை நிறுத்திவிட்டு உடனே காப்பி எடுங்கள்.

4. கார்டின் சிப்

பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள், சிப் எந்தக் கம்பெனி என்று தெரியும்: 1பி21 என்றால் ஏஎஸ்மீடியா, 197பி ஜேமைக்ரான், 1பி4பி மார்வெல், 1106 வியா.

ஏஎஸ்எம்1061 சிப்புக்கு இரண்டு போர்ட்தான். அதைப் போட்டு அதிக போர்ட் தரும் கார்டில் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் மல்டிப்ளையர் சிப் ஒன்று சேர்ந்திருக்கும்; பல டிஸ்க்குகள் ஒரே பாதையைப் பங்கிடும், ஒன்று திக்கினால் மற்றவையும் நிற்கலாம். ஏஎஸ்எம்1064 நாலு, ஜேஎம்பி585 ஐந்து, ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட்டை நேராகவே தரும். என் கையால் வாங்கினால் இவற்றில் ஒன்றைத்தான் வாங்குவேன்.

மார்வெல் 9128, 9230 என்றால் பயாஸில் விடி-டியை (VT-d என்ற விர்ச்சுவலைசேஷன் வசதியை) அணைத்துப் பாருங்கள். பழைய பிசிஐ ஸ்லாட்டில் போடும் வியா 6421 கார்டுக்கு 3 ஜிகாபிட் டிஸ்க்கோடு வேகம் பேசி இறங்கத் தெரியாது. டிஸ்க்கில் ஜம்பர் (இரண்டு பின்களைச் சேர்க்கும் சிறு மூடி) இருந்தால் 1.5 ஜிகாபிட்டுக்கு மாற்றுங்கள். பழைய வெஸ்டர்ன் டிஜிட்டலில் அது 5, 6 பின்கள்.

5. கொள்ளளவு

4 டிபி டிஸ்க்கில் 2 டிபி மட்டும் பயன்படுகிறது என்றால் அது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது, ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் கார்டின் டிரைவர் பழசு. அதில் எதுவும் எழுதாமல் முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

எல்லாம் சரியானதும் இரவு முழுக்கக் காப்பி ஓடவிடுங்கள். காலையில் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பதில் சொல்லாமல் விண்டோஸ் ரீசெட் செய்ததன் பதிவு அது. ஒன்றுகூட இல்லை என்றால் வாடிக்கையாளர் வீடியோவை அதில் ஏற்றலாம். இருந்தால், அடுத்த கேபிளோடு 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.