புறாவின் உட்செவிச் சமநிலையை மாடியிலேயே அளந்தறியும் முறை

சென்னையின் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள், பறவை தலையைச் சாய்த்து நின்றாலோ கூண்டில் இறங்கும்போது தடுமாறினாலோ, இன்னொரு முறை பறக்கவிட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். கோளாறு உட்செவியின் சமநிலை உணர்வில்தானா என்று அறிய அது போதாது. புறா தன் நிலையைக் கண்ணாலும் அறிகிறது என்பதால், கண்ணை மறைக்காமல் செய்யும் சோதனை செவியை அளப்பதாகாது.

உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களுக்குள் நீர் இருக்கிறது. உடல் சுழலத் தொடங்கும்போது அந்நீர் பின்தங்குகிறது. சுழற்சி சீரானதும் கூடவே சுழல்வதால் உணர்வு மங்குகிறது. சட்டென்று நிறுத்தினால் நீர் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது. புறாவின் ஒரு குழலை வெட்டினால், அந்தக் குழல் அமைந்த தளத்திலேயே தலை ஆடுகிறது என்பதை 1820களில் ஃப்ளூரன்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். நாம் வெட்ட வேண்டியதில்லை. தலையின் ஆட்டத்தை எண்ணினாலே போதும்.

கேக்கிற்கு க்ரீம் பூசப் பயன்படும் சுழல் தட்டு ஒன்று தேவை. முனை வெட்டிய பழைய காலுறைக்குள் புறாவை நுழைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி தட்டின் நடுவில் அமர்த்துங்கள். நெஞ்சை இறுக்கவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அலகு வெளியே நீளும்படி கறுப்புத் துணியில் சிறு முகமூடி தைத்துக் கண்களை மறைத்து, கைப்பேசியை நேர் மேலே பொருத்துங்கள். காற்றும் சத்தமும் புகாத அறையில், இரை போடுவதற்கு முன் செய்வது நல்லது.

பத்து விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் இடப்புறமாகச் சுழற்றத் தொடங்கினால், அலகு மெல்ல வலப்புறம் பின்தங்கி, வெடுக்கென்று இடப்புறம் மீளும். மூன்று சுற்று முடிந்து தட்டைப் பிடித்து நிறுத்தியதும் இதே ஆட்டம் எதிர்த்திசையில் நிகழும். ஒவ்வொரு திசையிலும் மும்முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வுடன் செய்து, தொடக்கத்தில் எழும் வெடுக்குகளை மெதுவேகக் காணொளியில் எண்ணுங்கள். இடப்புறச் சுழற்சிக்கு 12, வலப்புறத்திற்கு 6 என்றால், வேறுபாடான 6ஐக் கூட்டுத்தொகையான 18ஆல் வகுக்க, சமனின்மை 33 விழுக்காடு. வலச் சுழற்சிக்கு ஆட்டம் குறைந்தால் வலச் செவியையே முதலில் ஐயுற வேண்டும். ஒப்பிட, அதே கூண்டின் நலமான இரண்டு மூன்று புறாக்களை முன்பே அளந்து வைத்திருங்கள்.

கழுத்து முறுக்கிக்கொண்ட பறவையை இப்படிச் சுழற்றாதீர்கள். அது பாராமிக்ஸோ கிருமியால் மூளையைத் தாக்கும் நோயாகவும் இருக்கலாம் என்பதால், உடனே தனிக்கூண்டில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நீங்களாகவே ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவதையும் தவிருங்கள்; அது உட்செவியில் நீரின் அசைவை உணரும் உணர்மயிர்ச் செல்களையே அழிக்கும். பறவைகளுக்கு அச்செல்கள் மீண்டும் முளைக்கும் என்பதால், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அதே தட்டில், அதே வேகத்தில் அளந்து, கால்வளைய எண்ணுக்கு நேரே தேதியுடன் குறித்து வாருங்கள்.