பழைய வாஷிங் மெஷின் மோட்டாருக்கு வயர் லக் தேடிப் பிடிப்பது எப்படி

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஃப்ரண்ட்லோடு வாஷிங் மெஷின் மோட்டார் எடுக்கும்போதே அதன் சாக்கெட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். செம்புக்காக வயரைத் தனியே வெட்டிப் போட்டிருப்பார்கள், ஆனாலும் “ஏனுங்ணா, இந்த மோட்டாரோட சாக்கெட்டு ஒரு சாண் வயரோட கெடக்குதுங்களா?” என்று கேட்டால் ஏதாவது மூலையிலிருந்து வரும். வந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

நான் கேட்காமல் வீட்டுக்கு வந்தவன். அந்த மோட்டாரை வைத்துச் சின்ன மரக்கடைசல் மெஷின் ஒன்று செய்யலாம் என்று ஆசை. போனில் போட்டோவைக் காட்டி எலக்ட்ரிக்கல் கடையில் லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தி மோட்டாரின் பின்னில் செருகும் உலோகக் கவ்வி) கேட்டேன், கொடுத்ததை வாங்கி, கொஞ்சம் தொளதொள என்று இருந்ததால் குறடால் ஒரு நசுக்கு நசுக்கி மாட்டிவிட்டேன். இரண்டாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தால் லக்கின் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ் பழுப்பாகி, மோட்டாரின் பின்னும் நீலம் பாய்ந்து கிடக்கிறது. பின்னின் அகலம் 4.8 மி.மீ., நான் மாட்டியது 6.3 லக்! பிடிப்பு இல்லாத இடத்தில் மின்தடை கூடும், சூடு ஏறும், சூட்டில் லக்கின் பிடிப்பு இன்னும் தளரும்.

அதனால் போட்டோ வேண்டாம், அளக்கும் வெர்னியர் காலிப்பர் எடுங்கள். மோட்டாரில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பின்னின் அகலம் பெரும்பாலும் 6.3, 4.8, 2.8 மி.மீ. இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இதையே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 250, 187, 110 என்றும் சொல்வதுண்டு, குழம்ப வேண்டாம். தடிமனையும் பாருங்கள், 0.8, 0.5 இரண்டும் உண்டு. முழு சாக்கெட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஸ்லீவ் போட்ட தனித்தனி லக்கே போதும்.

எந்தப் பின் எதற்கு என்பதுதான் அடுத்தது. மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, இரண்டிரண்டு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். சில ஓம் காட்டி, ஷாஃப்டைக் கையால் திருப்பும்போது அளவு துள்ளினால் அது கார்பன் பிரஷ் ஜோடி. சில ஓமிலேயே அசையாமல் நின்றால் ஃபீல்டு காயில், அதாவது சுற்றாமல் பாடியோடு நிற்கும் காயில் (சில மோட்டாரில் அதற்கு மூன்று பின் இருக்கும்). பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ காட்டினால் டாக்கோ, வேகத்தை அளக்கும் காயில். அதில் 230 வோல்ட் கொடுத்தால் காயில் போச்சு.

சரி, வயர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். இன்சுலேட்டட் லக்கில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வயர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கிரிம்பிங் டூல் இல்லையென்றால் வைண்டிங் கடையில் கொடுத்து அழுத்தி வாங்குங்கள், குறடு வேண்டவே வேண்டாம். அழுத்திய பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்காது, அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் வயர் ஒடிந்துவிடும்.

ஃபீல்டின் ஒரு முனையையும் பிரஷின் ஒரு முனையையும் சேர்த்துவிட்டு, மீதி இரண்டுக்கும் கரண்ட். முதல் முறை 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுங்கள், தப்பாக மாட்டியிருந்தாலும் பல்பு எரிவதோடு போகும். மோட்டாரை பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்காமல், லோடும் இல்லாமல் நேராக 230 வோல்ட் கொடுக்காதீர்கள், இந்த வகை மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அப்புறம் பாடியில் எர்த் ஸ்குரூ இருக்கும், அதற்குத் தட்டை லக் பொருந்தாது, ரிங் லக் ஒன்று தனியாக வாங்கி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.