ரொறன்ரோவில் வீடு வாங்கக் கையெழுத்து வைக்குமுன் கேட்க வேண்டியவை

கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புதுக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால், ஒன்ராறியோச் சட்டம் மனம் மாற 10 நாள் தருகிறது. மறுவிற்பனை வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கடன், வீட்டுப் பரிசோதனை போன்ற நிபந்தனை எதுவும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு மறுநாள் பின்வாங்கினால் டிபொசிட் போகும். அந்த வீடு பிறகு குறைந்த விலைக்கு விற்றால், வித்தியாசத்தைக் கேட்டு உங்கள்மேல் வழக்கும் போடலாம். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எதை யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். முகவரிடம் வரிக் கணக்கும் வங்கியிடம் வாடகைக்காரர் விஷயமும் கேட்டால் சரியான பதில் வராது.

முதல் கேள்வி உங்களைப் பற்றியது: கையில் என்ன விசா? நிரந்தர வதிவிடம் கிடைத்தவருக்குத் தடையில்லை. வேலை அனுமதியில் இருப்பவருக்கு, 2023இல் வந்து 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்ட, வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுக்கும் மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. அனுமதி முடிய 183 நாளாவது மீதமிருந்தால் ஒரு வீடு வாங்க அது விடும். ஆனால் ஒன்ராறியோவின் 25% வெளிநாட்டார் வரி தனியாக வரும். ரொறன்ரோ நகரம் 2025 ஜனவரி முதல் இன்னும் 10% கேட்கிறது. இந்த வரி, வாங்குபவர்களில் ஒருவர் மட்டும் வெளிநாட்டவர் என்றாலும் முழு விலைக்கும் விழும். வருகை விசாவில் நிற்கும் உறவினர் பெயரைப் பாசத்தில் வீட்டு உறுதிப் பத்திரத்தில் சேர்ப்பதற்கு முன் லோயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஸ்டீல்ஸ் வீதிக்கு எந்தப் பக்கம்?

ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கிறது. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் மார்க்கம். 800,000 டொலர் வீட்டுக்கு மாகாணத்தின் நில மாற்று வரி 12,475 டொலர். ரொறன்ரோ எல்லைக்குள் நகரமும் அதே 12,475 டொலரை இன்னொரு தடவை வாங்கும். மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங், பிரம்டனில் இந்த இரண்டாவது வரி கிடையாது. இது வீட்டுக் கடனில் சேராது, லோயர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய காசு.

முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் ரொறன்ரோ 4,475 வரையும் கழிக்கும். இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். “முதல் வீடு” என்றால் கனடாவில் முதல் வீடு அல்ல, உலகத்திலேயே முதல் வீடு. யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதிக் கொடுத்த வீட்டில் பங்கு இருந்தாலும், சென்னையில் உங்கள் பெயரில் ஃபிளாட் இருந்தாலும் கழிவு இல்லை. கணவன் அல்லது மனைவிக்கு, திருமணமான காலத்தில் வீடு இருந்திருந்தாலும் இதே நிலைதான். வங்கிக்காக அண்ணனைக் கூட்டுச் சேர்த்து, அவருக்கு ஏற்கெனவே வீடு இருந்தால், அவருடைய பங்களவுக்குக் கழிவு குறையும். அவரை உத்தரவாதக்காரராக மட்டும் வைக்கலாமா, பங்கை 1% ஆக்கலாமா என்பதை வங்கியும் லோயரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு (வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 டொலர்) வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. இந்த வருடமும் அதற்கு முந்தைய நான்கு வருடங்களும் சொந்த வீட்டில் வசித்தீர்களா என்று அது பார்க்கும். ஊரில் சொந்த வீட்டில் இருந்துவிட்டுப் போன வருடம் வந்தவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

வங்கியிடம் கேட்பது

அதே 800,000 டொலர் வீட்டுக்குக் குறைந்த டவுன் பேமென்ட் 55,000 டொலர்: முதல் ஐந்து லட்சத்துக்கு 5%, மிச்சத்துக்கு 10%. இருபது வீதத்துக்குக் குறைவாகப் போடுவதால் கடன் காப்புறுதி கட்டாயம். அது 29,800 டொலர், கடனோடு சேரும். ஆனால் அதன்மேல் வரும் 8% விற்பனை வரி, 2,384 டொலர், ரொக்கம். வட்டி வீதத்தை மட்டும் விசாரிப்பவர்கள் இந்தத் தொகையை வீடு கைமாறும் முடிவு நாளில்தான் முதன்முதலில் பார்க்கிறார்கள்.

வங்கி 90 நாள் கணக்கு விபரம் கேட்கும். சீட்டுக் காசோ கைமாற்றோ திடீரென்று பெரிய தொகையாகக் கணக்கில் விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்ட வேண்டும். பெற்றோர் தருவதென்றால் அன்பளிப்புக் கடிதம் வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: வங்கியின் மதிப்பீடு நீங்கள் எழுதிய விலைக்குக் கீழே வந்தால் என்ன ஆகும்? இடைவெளியை நிரப்ப வேண்டியது நீங்கள்தான்.

பேஸ்மென்டில் யார்?

“பேஸ்மென்ட் வாடகை மோட்கேஜைக் கட்டும்” என்ற கணக்கில்தான் பலர் வீடு பார்க்கிறார்கள். விளம்பரத்தின் கடைசி வரியைப் படியுங்கள். ‘பேஸ்மென்ட் ரெட்ரோஃபிட் நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை’ என்று இருந்தால், அது அனுமதி பெற்ற குடியிருப்பு என்று யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். தனி வாசலும் அடுப்பும் இருந்தால் மட்டும் அது சட்டப்படியான வீடாகிவிடாது. நகரசபையில் கட்டட அனுமதி இறுதிப் பரிசோதனை முடிந்து மூடப்பட்டதா, மின்சாரப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீத்தடுப்பு உண்டா, புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்தவையா என்று பாருங்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து அளந்தும் பாருங்கள். தப்பிக்கும் வழியாக அதைக் கணக்கிட, திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 38 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. வாடகைக்கு விட்டிருப்பதைக் காப்புறுதிக்குச் சொல்லாமல் இருந்தால், தீப்பிடித்த அன்று அவர்கள் காசு தர மறுக்கலாம்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தால், “முடிவு நாளில் போய்விடுவார்” என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வாங்குபவரோ குடும்பத்தினரோ அங்கே குடியிருக்கப் போனால்தான் 60 நாள் அறிவித்தல் கொடுக்கலாம். குறித்த காலக் குத்தகை என்றால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைக்காரர் மறுத்தால் நில உரிமையாளர் வாடகைக்காரர் சபையின் ஆணை வரும்வரை அசைக்க முடியாது, அதற்கு மாதங்கள் போகும். ஒப்பந்தத்தில் ‘வெறுமையாக ஒப்படைக்கப்படும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

உலை அறையில் ஐந்து நிமிடம்

அடுக்களை பளபளப்பை விட்டு நேராக, வீட்டைச் சூடாக்கும் உலை இருக்கும் அறைக்குப் போங்கள். சுடுநீர்த் தொட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நிறுவனப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் பெரும்பாலும் அது வாடகைத் தொட்டி. உலை, ஏசிகூட வாடகையாக இருக்கலாம். மாதம் எவ்வளவு, முடித்துக்கொள்ள எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இப்படியான சாதனங்களுக்கு வீட்டு உறுதியில் பற்று, அதாவது நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை, பதிவதை 2024 ஜூனில் மாகாணம் தடை செய்தது. பதிவு போனாலும் வாடகை ஒப்பந்தம் போகவில்லை. செம்மஞ்சளும் நீலமுமாகக் குழாய்கள் ஓடினால் அது 1995 முதல் 2007 வரை போட்ட கைடெக் என்ற வகைக் குழாயாக இருக்கலாம். அதன் பொருத்துகள் அரித்து நீர் கசியும், மாற்றுவது பெரிய செலவு. 1960களின் நடுவிலிருந்து 70களின் இறுதிவரை கட்டிய வீட்டில் அலுமினிய வயர் இருக்கிறதா, மின்பெட்டி 60 ஆம்பியரா 100 ஆம்பியரா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். நிபந்தனையை விலக்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து இதே வீட்டுக்கு விலை கேட்டுவிடுங்கள். காப்புறுதி இல்லாமல் வங்கி பணம் விடாது.

தெற்கு வாசல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜனவரியில் பனி வழிக்கும்போது, வெயில் விழும் தெற்குப் பக்கத்து டிரைவ்வேதான் முதலில் உருகும்.

டவுன்ஹவுஸ் ஃப்ரீஹோல்ட் (நிலமும் உங்களுக்கே சொந்தம்) என்றாலும் பொதுவழிக்காக மாதக் கட்டணம் இருக்கலாம். கொண்டோ என்றால், அதன் நிர்வாகத்தின் நிதிநிலையைச் சொல்லும் நிலைச் சான்றிதழ் வாங்கி லோயரிடம் கொடுங்கள். கட்டணம் 100 டொலர், கிடைக்க 10 நாள் வரை ஆகும். பெரிய பழுதுபார்ப்புகளுக்கான இருப்பு நிதியையும், உரிமையாளர்களிடம் மேலதிகமாகக் கேட்க வரவிருக்கும் விசேட அறவீட்டையும் அவர் பார்க்கட்டும்.

முகவர் தெரிந்தவராக இருந்தாலும், அவரோடு நீங்கள் போடும் வாங்குபவர் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம், விற்பவர் தரும் கமிஷன் குறைந்தால் மீதியை நீங்கள் கட்ட வேண்டுமா, அவரே விற்பவருக்கும் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். ‘காசு திருப்பித் தருகிறேன்’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வீடு கைக்கு வருமுன் இரண்டு தடவை உள்ளே போய்ப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையை முடிவு நாளுக்கு முந்தின நாள் வைத்து, உலையையும் அடுப்பையும் எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்துவிட்டு லோயருக்கு அழையுங்கள்.