மணல்மேட்டிலும் சவுக்குத்தோப்பிலும் குதிரைச் சவாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரையில் குதிரைச் சவாரி என்றால் நம்மில் பலருக்கு மெரினாதான் ஞாபகம் வரும். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார், ஒரு போட்டோ, இறங்கிவிடலாம். ஆந்திர எல்லையோரம் பழவேற்காட்டுப் பக்கக் கடலோரம் மாதிரி மணல்மேடும் சவுக்குத்தோப்பும் மாறி மாறி வருகிற இடத்தில், வழிகாட்டி முன்னால் போக ஒன்றரை மணி நேரம், 2 மணி நேரம் ஆற அமரப் போகிற சவாரியின் கதை வேறு. கடிவாள வார் உங்கள் கையில் இருக்கும். வேகம் கிடையாது, முழுக்க நடைதான், மிஞ்சிப்போனால் நடுவில் கொஞ்சம் துள்ளுநடை. "மெதுவா போறதுதானே, என்ன ஆயிடப்போகுது" என்ற நினைப்பிலிருந்துதான் பாதித் தவறுகள் முளைக்கின்றன. குதிரை நின்றுகொண்டிருந்தாலும் உங்கள் தலை தரையிலிருந்து 7 அடிக்கு மேலே இருக்கிறது. விழுந்தால் அங்கிருந்துதான் விழ வேண்டும்.

முதல் தவறு காலில். கடற்கரைக்குத்தானே போகிறோம் என்று செருப்போடு வந்து நிற்பவர்கள் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறார்கள். அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்குகிற கால் வைக்கும் வளையத்துக்குள், பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் இருக்க வேண்டும், குதிகால் கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். செருப்பு வழுக்கிப் பாதம் முழுவதும் உள்ளே போய் மாட்டிக்கொண்டால், விழுகிறவர் விழுந்த இடத்திலேயே கிடக்க முடியாது, குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். சின்னதாகக் குதிகால் வைத்த மூடிய ஷூ போதும், பூட்ஸ் வாங்க வேண்டிய அவசியமில்லை. அப்புறம், பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவருகிறவர்கள். எதுவும் இல்லாததற்கு அது தேவலை என்று தோன்றும், ஆனால் கனமானது, காதை மூடிவிடும், வழிகாட்டி கத்துவது கேட்காது. சவாரிக்கென்று இருக்கிற ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள். "ஹெல்மெட்டெல்லாம் எதுக்கு சார், நம்ம குதிரை சாது" என்று சொல்கிற இடத்தில் ஏறவே ஏறாதீர்கள், முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி. துப்பட்டா, தொங்கும் கேமரா வார், தோளில் மாட்டிய பை எல்லாம் சவுக்குக் கிளையில் மாட்டுகிற சமாச்சாரங்கள், அவற்றை வண்டியிலேயே வைத்துவிடலாம்.

எடையைக் குறைத்துச் சொல்வது இன்னொன்று. கூச்சம் புரிகிறது, ஆனால் இது கல்யாணத் தரகரிடம் சொல்கிற வயது இல்லை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு, அதில் சேணமும் சேர்த்தி. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ, அதில் சேணம் 8 முதல் 10 கிலோ போக உங்களுக்கு 60தான் மிச்சம். கட்டாந்தரைக்கே இந்தக் கணக்கு என்றால், கால் புதைகிற மணலில் இன்னும் கம்மியாக இருப்பதுதான் நியாயம். அப்பா, பிள்ளை இரண்டு பேரையும் ஒரே குதிரையில் ஏற்றுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. ஒருவர் சேணத்துக்குப் பின்னால், தாங்க விலா எலும்பு இல்லாத இடுப்பின் மேல் உட்கார வேண்டிவரும், அது குதிரைக்கு வலிக்கிற இடம். வலித்தால் அது முதுகை வளைத்துத் துள்ளும். பிள்ளைக்குத் தனியாகச் சின்னக் குதிரை, அதன் கயிற்றைப் பிடிக்கத் தனியாக ஒரு ஆள், இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சவாரி வேண்டாம்.

நேரம், பருவம் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குக் கிளம்புவது முட்டாள்தனம், அந்த மணல் குளம்புக்கே சுடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தப் பள்ளம் எப்போது நிரம்பும் என்று தெரியாது. ஜனவரி, பிப்ரவரி விடிகாலை அருமை. ஒன்று மட்டும் பலர் மறக்கிறார்கள்: எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது, 1971 முதல் ராக்கெட் கிளம்புகிற இடம். ஏவுதல் நாளென்றால் சூலூர்பேட்டை வழி முழுக்க வண்டிகள் நிற்கும், வானம் அதிரும், குதிரைக்கும் அதை முன்கூட்டிச் சொல்லிவைக்க முடியாது. தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சரி, ஏறுகிற இடத்துக்கு வருவோம். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து போய்த் தட்டிக்கொடுப்பது, மூக்குக்கு நேராகக் கையை நீட்டுவது இரண்டும் தவறு. பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். வழக்கமாக இடது பக்கம்தான் ஏறுவார்கள், குதிரையும் அதற்கே பழகியிருக்கும். ஏறியதும் எல்லோரும் செய்ய மறப்பது சேணத்தை இறுக்கிக் கட்டுகிற வயிற்று வாரை மறுபடி பார்ப்பது. சேணம் கட்டும்போது நிறையக் குதிரைகள் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும், 10 நிமிடம் நடந்ததும் உப்பல் போய்விடும், வார் தளர்ந்துவிடும். முதல் மணல்மேடு ஏறும்போது சேணம் பக்கவாட்டில் சரிவது பெரும்பாலும் இதனால்தான். "அண்ணா, பெல்ட் ஒரு தடவை பாருங்க" என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. நல்ல வழிகாட்டி என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்பே தோப்பு எல்லையில் வரிசையை நிறுத்தி, ஒவ்வொரு குதிரையாகச் சேண மடிப்பைத் தூக்கி, விரலை விட்டுப் பார்த்து இறுக்கிவிட்டுத்தான் மேட்டுக்கே அழைத்துப்போவார்.

மணலில் கவனிக்க நிறைய இருக்கிறது. அலை நனைத்து இறுகிய ஓரத்தில் குதிரை சுகமாக நடக்கும். உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் குளம்பு புதையும், காலின் தசைநாணில் இழுப்பு விழும், மேட்டில் அது இரட்டிப்பாகும். அங்கே குதிரை வேகம் குறைத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, குதிகாலால் உதைத்து விரட்டாதீர்கள். மேடு ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்து, தேவைப்பட்டால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு வலிக்காது. கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால்தான் வாய் கிழியும். இறங்கும்போது லேசாகப் பின்னால் சாய்ந்து, கடிவாள வாரைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரை தலையைத் தாழ்த்தி வழி பார்க்க விடுங்கள். சரிவில் குறுக்காக இறங்க வேண்டாம், நேராக இறங்குவதுதான் பத்திரம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நின்ற இடத்தில் குதிரை முன்காலால் மணலைப் பறிக்க ஆரம்பிக்கிறது, மூக்கைத் தாழ்த்தி முகர்கிறது, முழங்கால் லேசாக மடிகிறது. பார்க்க அழகாக இருக்கும், பின்னால் வருகிறவர் உடனே மொபைலை எடுப்பார். குதிரை படுத்துப் புரளப் போகிறது, நீங்கள் முதுகில் இருப்பது அதற்குப் பொருட்டே இல்லை. வியர்த்த உடம்பு, சூடான மெத்து மணல், வேறென்ன வேண்டும் அதற்கு? அந்த நொடியில் கடிவாள வாரைத் தூக்கி, அதன் தலையை உயர்த்தி, காலால் அழுத்தி நடக்க வைக்க வேண்டும். படுத்தேவிட்டால் அங்கவடியிலிருந்து இரண்டு காலையும் எடுத்து, முதுகுப் பக்கமாக விலகிவிடுங்கள், உதைக்கிற கால்கள் இருக்கும் பக்கம் போகாதீர்கள்.

தோப்புக்குள் நுழைந்ததும் நிழல் வந்துவிட்டது என்று எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள், பேச்சு ஆரம்பிக்கும். சவுக்கு இலை உதிர்ந்து தரை மெத்தை போலத் தெரியும், ஆனால் மரம் வெட்டிய இடங்களில் அந்த மெத்தைக்கு அடியில் கூரான கட்டைகள் இருக்கும். மரக்கன்றுக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டிய ஊற்றுக்குழிகள் இருக்கும், குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையைக் காக்கவென்று நட்ட தோப்புகளை நாம் வைத்திருக்கிற லட்சணம் இது. அதனால் முன் குதிரை போன தடத்திலேயே போங்கள், பக்கத்தில் இணைந்து போய்ப் பேச நினைக்காதீர்கள். தாழ்ந்த கிளை வந்தால் கையால் விலக்கிவிட்டு விடக் கூடாது, பின்னால் வருகிறவர் முகத்தில் சாட்டையாக அடிக்கும். குனிந்து குதிரையின் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தோப்பு ஓரத்தில் சீமைக்கருவேலம் இருந்தால் முள் முட்டியைக் கிழிக்கும், ஆகவே முழுக்கால் பேண்ட்.

குதிரை மிரளும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது, அதுவும் எல்லோரிடமும் ஒரே தவறு. தோப்பில் கிளையில் சிக்கிய பிளாஸ்டிக் பை படபடக்கும், கரையில் நீலத் தார்ப்பாய் காற்றில் எழும், வலை காயப்போட்ட இடத்தில் நாய்கள் பாய்ந்து வரும். ராவணன் மீசைப் புல்லின் காய்க்கொத்து காய்ந்து உதிர்ந்தால் பந்து பந்தாக மணலில் உருண்டு வரும், குழந்தைகளுக்கு விளையாட்டு, குதிரைக்குக் கிலி. குதிரை பக்கவாட்டில் ஒரு அடி தாவுகிறது. உட்கார்ந்திருப்பவர் பயத்தில் வாரைப் பலம்கொண்ட மட்டும் இழுக்கிறார், அதே நேரம் இரண்டு கால்களாலும் வயிற்றை இறுக்கிக்கொள்கிறார், கூடவே ஒரு அலறல். குதிரைக்குப் பழக்கிய மொழியில் வாரை இழுத்தால் நில், காலை இறுக்கினால் போ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது என்னதான் செய்யும்? பின்னங்காலில் எழும்பும், இல்லையென்றால் ஓடும். காலைத் தளர்த்தி, பின்புறத்தைச் சேணத்தில் கனமாக அழுத்தி உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, ஒரு பக்க வாரை மட்டும் மெல்ல இழுத்து வட்டமாகத் திருப்புங்கள். வட்டத்தில் சுற்றுகிற குதிரையால் நேராகப் பாய முடியாது. பெரும்பாலும் 2 சுற்றுக்குள் அதுவே நின்றுவிடும். கிளம்பும் முன்பே வெட்டவெளியில் வைத்து இதை ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் அடுத்த முறையும் அவரிடமே போங்கள். அவர் தமிழும் தெலுங்கும் கலந்துதான் குரல் கொடுப்பார், எந்தக் கூப்பாட்டுக்கு நிற்க வேண்டும், எதற்குக் குனிய வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளி: முன் குதிரையின் பின்னங்குளம்புகள் உங்கள் குதிரையின் காதுகளுக்கு நடுவே தெரிகிற தூரம் இருந்தால் சரி. தெரியாவிட்டால் நெருங்கிவிட்டீர்கள், உதை விழும், அது உங்கள் முழங்காலில் விழவும் வாய்ப்புண்டு. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது அலங்காரம் இல்லை, உதைக்கிற குதிரை என்ற அடையாளம். உங்கள் குதிரை காதைப் பின்னால் படிய வைத்துக்கொண்டால் கோபத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

பழவேற்காடு ஏரி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கிற இடத்துக்குக் குதிரையில் நெருங்கிப் போய்ப் பறக்கவிட்டு வீடியோ எடுக்க ஆசைப்படாதீர்கள். அது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், அந்த ஏரி விளிம்புச் சேற்றில் குதிரை வயிறுவரை இறங்கிவிட்டால் தூக்க ஊரே வர வேண்டும் என்பது இன்னொரு பக்கம். முகத்துவாரத்துப் பக்கமும் அப்படித்தான், போன மாதம் கெட்டியாக இருந்த மணல் இந்த மாதம் கெட்டியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, அலை எட்டாத உலர்ந்த மணலில் முட்டையிடும். மேட்டின் அடிவாரம்தான் அந்த இடம். குளம்பு போட்டு மிதிக்க வேண்டாம், ஈர ஓரத்திலேயே போகச் சொல்லுங்கள், நிலா வெளிச்சச் சவாரி என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் குதிரைக்குத் தொழுவம் ஞாபகம் வந்துவிடும், நடை தானாக வேகமாகும். "பாவம், பசிக்குது போல" என்று வாரை விட்டுக்கொடுக்காதீர்கள், போகும்போது இருந்த நடைதான் வரும்போதும். பசிக்கிறது என்று பிஸ்கட், பிரெட், லட்டு கொடுப்பதும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகக் கூடும். பண்ணை வாசலில் பூத்திருக்கிற அரளியை எட்டிக் கடிக்கவும் விடக் கூடாது, அது விஷம். கேரட் கொண்டுவந்திருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

இறங்கும்போது முதலில் இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் காலைச் சுழற்றி இறங்குவது. ஒரு கால் மாட்டியபடி இறங்குவதுதான் கடைசி நிமிட விபத்துக்குக் காரணம். தரையைத் தொட்டதும் முட்டி தொளதொளவென்று இருக்கும், ஒரு நிமிடம் சேணத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குதிரையை அப்போதே செல்ஃபிக்கு நிறுத்தாமல் குதிரைக்காரர் கையில் விடுங்கள், அவர் வயிற்று வாரைத் தளர்த்தி நடக்கவிட்டு, காலில் ஒட்டிய உப்பு மணலைக் கழுவ வேண்டியிருக்கும். கையில் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் ஆபீஸ் மேஜையில் வைக்காமல் அவரிடம் நேராகக் கொடுங்கள்.