பாட்டி கடைக்கு க்யூஆர் ஒட்டுறதுக்கு முன்னாடி

பூ, கீரை, இட்லின்னு தெருவுல விக்கிற வயசானவங்ககிட்ட இப்ப க்யூஆர் அட்டை இருக்கு, ஆனா ஸ்கேன் பண்ணா நிறைய இடத்துல மகன் பேரோ மருமகன் பேரோ தான் வருது. வெயில்ல உக்காந்து வித்தது இவங்க, காசு போறது வேற கணக்குக்கு, மறுநாள் சரக்கு எடுக்க அவங்ககிட்ட போயி கேட்டு நிக்கணும். அதனால உதவி பண்ண நினைக்கிறவங்க முதல்ல கேட்டு வாங்கிப் பாக்க வேண்டியது பாட்டியோட பாஸ்புக்.

ஜன்தன் கணக்கோ, முதியோர் பென்ஷன் வர்ற கணக்கோ ஏதோ ஒண்ணு அவங்க பேர்ல இருக்கும். ரெண்டு வருஷமா போடாம எடுக்காம இருந்தா முடங்கிப் போயிருக்கும், ஆதாரோட பேங்குக்கு கூட்டிட்டு போயி கேஒய்சி, அதாவது அடையாளச் சான்று, குடுத்துடுங்க. அப்படியே கணக்குல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு கேளுங்க, எப்பவோ தொலைஞ்ச சிம் நம்பரா இருந்தா மாத்தினா தான் மேல எதுவும் நடக்கும். க்யூஆரையும் அங்கயே கேட்டுப் பாருங்க. ஒட்டினதும் நீங்களே ஒரு ரூபா அனுப்பி அவங்க பேர் வருதான்னு பாத்துடுங்க.

இதுக்காக கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்க வைக்காதீங்க ப்ளீஸ். காசு வாங்க பட்டன் போனே போதும். அனுப்பணும்னாலும் பட்டன் போனுக்குன்னே யுபிஐ 123பே 2022ல வந்துச்சு, நெட் வேண்டாம், ஒரு தடவைக்கு 10,000 ரூபா வரைக்கும் போகும். மீதி எவ்ளோ இருக்குன்னு பாக்க *99# போட்டா போதும், ஆனா முதல்ல பின் செட் பண்ண ஏடிஎம் கார்டு கையில இருக்கணும்.

பெரிய சிக்கல் எங்கன்னா, காசு வந்துச்சான்னு பாட்டிக்கு எப்படி தெரியும்? சில பேங்க் சின்ன தொகைக்கு மெசேஜே அனுப்பாது, இருபது ரூபா முழம் பூ விக்கிறவங்களுக்கு எல்லாமே சின்ன தொகை தான். பணம் போயிருச்சுன்னு காட்டுற போலி ஆப்பும் சுத்திட்டு இருக்கு, அதனால பூ வாங்க வர்றவங்க போன் ஸ்கிரீன நம்பவே வேண்டாம்னு சொல்லிக் குடுங்க. சவுண்ட் பாக்ஸ் தமிழ்ல தொகைய சொல்லிடும், ஆனா பலதுக்கு மாச வாடகை உண்டு, ஒரு நாளைக்கு நாலு பேர் தான் ஸ்கேன் பண்றாங்கன்னா கட்டுபடியாகாது, அந்த கணக்க அவங்களோட உக்காந்து போட்டுட்டு அப்புறம் எடுங்க. ராத்திரில யாராவது அட்டை மேல வேற க்யூஆர் ஒட்டிட்டு போறதும் நடக்குது, அதனால அட்டைய வீட்டுக்கு எடுத்துட்டு போறது தான் நல்லது.

சொல்லிக் குடுக்குறப்போ போன பிடுங்கி நீங்களே அமுக்காதீங்க, மெதுவா ஆனாலும் அவங்க விரல் தான் அமுக்கணும். பின் நம்பர உங்ககிட்டயே சொல்ல வருவாங்க, வேண்டாம் பாட்டி, என்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு திரும்பி நின்னுக்கோங்க. காசு வாங்க பின் எப்பவுமே தேவையில்ல, யாராவது கேட்டா அது திருட்டு, இத தினமும் ஒரு தடவை சொன்னாலும் தப்பில்ல.

முதல் கொஞ்ச நாளைக்கு மதியமே ஒரு தடவை கணக்கு பாத்து குடுங்க. சொல்லாம காசு குறைஞ்சிருந்தா யோசிக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிச்சு புகார் குடுக்கணும், பேங்க்லயும் சொல்லணும். அந்த நம்பர அட்டைக்கு பின்னாடியே பெருசா எழுதி வச்சுடுங்க.