அழுத்து, ஒரு நொடி பொறு, பேசு: ரேடியோ மைக் பழகும் முறை

செக்யூரிட்டி வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கும், என்எஸ் என்னும் தேசிய சேவையில் சிக்னலராக, அதாவது ரேடியோ தொடர்பைக் கவனிப்பவராகப் போகும் தம்பிமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ரேடியோ செட்டைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. மைக்கைத்தான் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பேச்சு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

1. பிளக்கைப் பாருங்கள்

சுருள் வயரோடு தோளில் மாட்டும் ஸ்பீக்கர் மைக்தான் காவல், பாதுகாப்புப் பணிகளில் அதிகம். இராணுவ ரேடியோக்களில் எச்-250 போன்ற ஹேண்ட்செட்டும், யு-229 என்ற வட்ட பிளக்கும் உண்டு. அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இராணுவ பாணி ஹெட்செட்டை ஆசையாக வாங்கி, சாதாரண வாக்கி டாக்கியில் மாட்டிவிட்டு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். இராணுவ மைக் பெரும்பாலும் மின்தடை குறைந்த டைனமிக் வகை, சுருள் அசைந்து தானே மின்சாரம் தருவது. வாக்கி டாக்கியோ, தான் சிறு மின்சாரம் கொடுத்து இயக்கும் எலக்ட்ரெட் மைக்கை எதிர்பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே பொருத்தமான பிடிடி (அழுத்திப் பேசும் பொத்தான்) அடாப்டர் இருந்தால்தான் சத்தம் சரியாக வரும்.

2. மாட்டும் இடம்

தலையைச் சற்றுத் திருப்பினால் வாய்க்கு எட்டும்படி, நெஞ்சின் மேல்பகுதியில் மாட்டுங்கள். பேசும்போது வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு, மூன்று விரல் இடைவெளி போதும். இரைச்சல் குறைக்கும் மைக் சிலவற்றில் பின்பக்கமும் சிறு துளை இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும் வெளிச்சத்தத்தை அது கழித்துவிடும். அந்தத் துளையை விரலால் மூடிப் பிடித்தால் அந்த வேலை கெட்டுவிடும்.

3. அழுத்திப் பேசுவது

இந்த ஒன்றை மட்டும் பழகினாலே பாதி வேலை முடிந்தது. பொத்தானை அழுத்துங்கள், ஒரு நொடி பொறுங்கள், அப்புறம் பேசுங்கள். அழுத்திய கணத்திலேயே பேச்சு கிளம்பிவிடாது. டிரங்கிங் வலையமைப்பு (சில சேனல்களைப் பலர் பகிர்ந்துகொள்வது) என்றால் முதலில் சேனல் கிடைக்க வேண்டும், கிடைத்ததும் பல செட்டுகள் ஒரு பீப் கொடுக்கும்.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு திருவிழாப் பணியில், நெரிசல் கூடியதால் “டோன்ட் ஓப்பன்” என்று நான் அவசரமாகச் சொன்னேன். அழுத்தும்போதே பேசிவிட்டேன். எதிர்முனைக்குப் போனது “ஓப்பன்” மட்டும். தடுப்பு திறந்தது, கூட்டம் உள்ளே தள்ளியது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து “நெகட்டிவ், கீப் குளோஸ்ட்” என்றுதான் சொல்கிறேன். முதல் சொல் அறுந்தாலும் பொருள் மாறாது.

கத்த வேண்டாம், கத்தினால் ஒலி உடையும். ‘பி’யும் ‘டி’யும் ஒன்றுபோல் கேட்கும், லிஃப்ட் லாபியைச் சொல்லும்போது பிராவோ, டெல்டா என்றே சொல்லுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்துக்கு ஒன் ஃபைவ், ஃபைவ் ஸீரோ. பேசி முடித்ததும் விரலை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். காரில் உட்காரும்போது சீட் பெல்ட் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த சேனலில் வேறு யாரும் பேச முடியாமல் போகலாம்.

4. தொண்டை மைக்

கழுத்தில் குரல்வளையின் இருபுறமும் ஒட்டி உட்கார வேண்டும். காற்றில் வரும் ஒலியை விடத் தோலில் வரும் அதிர்வைத்தான் அது எடுக்கிறது. அதனால் என்ஜின் இரைச்சலிலும் குரல் தெரியும். இரண்டாம் உலகப் போரிலேயே விமானிகள் இதை அணிந்தார்கள். ஆனால் கிசுகிசுத்தால் சரியாக எடுக்காது. குரல்நாண் அதிர்ந்தால்தானே அதற்கு வேலை? தாழ்ந்த குரலில் பேசுங்கள், வெறும் மூச்சாகப் பேசாதீர்கள். ‘ஸ’, ‘ஃப’ ஒலிகள் வாயில் பிறப்பவை, இதில் மங்கும். பட்டை தளர்ந்தால் எல்லாமே மங்கும்.

5. ஷிஃப்ட் முடிந்ததும்

நம் ஊர் வெயிலில் வியர்வை காய்ந்து கிளிப்பிலும் பிளக்கிலும் வெள்ளையாக உப்புப் படியும். ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். மழையில் நனைந்து குரல் அடைத்தால், மைக்கைக் கவிழ்த்து உதறினால் துளையில் நின்ற நீர் போய்விடும். தூசியும் நீரும் புகாது என்பதற்கான ஐபி67 குறி போட்டிருந்தாலும் பிளக் சரியாக இறுகியிருந்தால்தான் அது செல்லும். கழற்றும்போது வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். அடுத்தவர் கையில் கொடுக்குமுன் ஒரு ரேடியோ செக் (குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற சோதனை) கேட்டுவிடுங்கள்.