கொன்றை மரம் ஏமாந்ததா? பழைய எழுத்தைப் பிரித்துப் படிக்க ஒரு வழி

புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "சயாமா, இதுக்குக் கருத்து என்ன?" (சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர்.) நான் சொல்வதில்லை. கருத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பாட்டை யாரும் படிக்கமாட்டார்கள்.

ரங்கூனில் கோயிலை ஒட்டிய ஓர் அறையில், சனி ஞாயிறு மாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படிப்பதும், கோபம் வந்தால் சண்டை போடுவதும் பர்மிய மொழியில். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபின், இங்கே தமிழ் படிக்க மிஞ்சியது கோயிலும் வீடும்தான். என்னிடமிருக்கும் புத்தகங்களில் பாதி, அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் எங்கள் அப்பாவிடம் விட்டுப்போனவை.

ஓர் ஐந்தடிப் பாட்டை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகை, 66ஆம் பாட்டு:

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே

முதலில் மூன்று தரம் வாய்விட்டுப் படியுங்கள். புரியவேண்டிய அவசியமில்லை. மூன்றாம் தரம் படிக்கும்போது 'மடவ மன்ற' என்ற இடத்தில் நாக்கு தானாகவே கொஞ்சம் நிற்கும். அங்கேயே ஒரு கோடு போடுங்கள். வாக்கியம் அங்கேதான் இருக்கிறது: "முட்டாள்கள்தாம் இந்தக் கொன்றைகள்." மீதி நாலடியும் அதற்குக் காரணம். நாம் தெருவில் திட்டுவதும் இப்படித்தானே? முதலில் "பைத்தியம்!", பிறகு ஏன் பைத்தியம் என்று விவரம். இனி வரிசையை மாற்றி, பேசுகிற தமிழில் ஒரு தரம் எழுதிப் பாருங்கள். கல் நிறைந்த வழியில் போனவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள் வம்ப மழையைக் கார்மழை, அதாவது மழைக்காலத்து மழை, என்று நினைத்து, கொம்பு கொம்பாகச் சரஞ்சரமாகப் பூத்துவிட்டன.

அடுத்து, தெரிந்த சொல் போல முகம் காட்டுகிற சொற்களைப் பிடியுங்கள். தெரியாத சொல் ஆபத்தில்லை, அகராதியில் பார்த்துவிடுவோம். தெரிந்தது போலிருப்பதுதான் கவிழ்க்கும். நான் புதிதில் 'வம்ப மாரி' என்பதை 'வம்பு பண்ணுகிற மழை' என்று இரண்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். யாரும் கேட்கவுமில்லை. பழைய தமிழில் வம்பு என்றால் புதிதாக, காலமல்லாத காலத்தில், நிலையில்லாமல் வருவது. ஓர் உரையில் 'தோழி வற்புறுத்தினாள்' என்று இருந்ததைப் பார்த்து, தோழி எதற்கு வலுக்கட்டாயம் செய்கிறாள் என்றும் குழம்பியிருக்கிறேன். அங்கே அதற்குத் தைரியம் சொன்னாள் என்று பொருள்.

இனிதான் பெரிய கேள்வி. யார் பேசுகிறார்? யாரிடம்? எப்போது? பாட்டின் அடியில் துறைக் குறிப்பு, அதாவது யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு, இருக்கும். அதைக் காகிதத்தால் மூடிவைப்பேன். போன முறை கொஞ்சநேரம் எல்லோரும் மரத்தைப் பற்றிய பாட்டு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு பெண், "இது திஞ்ஜான் மோ தானே சயாமா?" என்றாள். மோ என்றால் மழை. ஏப்ரலில் திஞ்ஜான் என்கிற தண்ணீர்த் திருவிழா சமயத்தில் ஒரு மழை அடிக்கும். மறுநாள் படவுக் மரமெல்லாம் மஞ்சள், பெண்கள் தலையெல்லாம் படவுக். ஆனால் உண்மையான மழைக்காலம் மே கடைசியில்தான். கொன்றையும் இங்கே அந்தத் திருவிழாச் சமயத்தில்தான் பூக்கிறது. அதற்குப் பர்மியப் பெயர் ஙு. ஔவையாரின் 'ஙப்போல் வளை'யைத் தவிர நமக்குச் சொல்லின் முதலில் வேலையே வைக்காத எழுத்தில் இங்கே ஒரு மரம் நிற்கிறது!

குறிப்பைத் திறந்தோம். கார் வந்துவிட்டது, அவர் வரவில்லையே என்று கலங்குகிற தலைவியிடம், இது கார் இல்லை என்று தோழி சொல்வது. அப்படியானால் ஏமாந்தது மரமா? அல்லது தோழி பொய் சொல்கிறாளா?

இந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு சட்டம்: எதைச் சொன்னாலும் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்துச் சொல்லவேண்டும். அந்தப் பெண் 'நெரிதர' மேல் விரல் வைத்தாள். நெருக்கமாக, அடர்த்தியாகப் பூத்திருக்கிறது. ஒன்றிரண்டு கொத்து இல்லை. 'மடவ' பன்மை, ஒரு மரம் இல்லை. எல்லா மரமுமா ஏமாறும்? கார் வந்துவிட்டது, தோழிக்கும் தெரியும் என்றாள். இன்னொரு பையன் ஒப்புக்கொள்ளவில்லை. படவுக்கும் ஒரே மழையில் மரம் முழுக்கத்தான் பூக்கிறது, அதை வைத்து எப்படிச் சொல்வாய் என்றான். அரைமணி நேரம் சண்டை, நடுவில் பர்மிய மொழிக்குத் தாவிவிட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என் மனசு அந்தப் பெண் பக்கம்.

ஊர் இப்படிக் கைகொடுப்பதுபோலவே காலையும் வாரும். பட்டினப்பாலையில் 'காழகத்து ஆக்கமும்' (காழகத்திலிருந்து வந்த பொருள்களும்) என்று வரும்போது, அது நம்ம பர்மாதான் என்று வகுப்பில் கைதட்டினார்கள். நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை எழுதியிருக்கிறார். கடாரத்தை இன்று ஆய்வாளர் பலரும் மலேசியாவின் கெடா என்றே கொள்கிறார்கள். கை தட்டியதை வாபஸ் வாங்கவேண்டியதாயிற்று.

சிறுகதைக்கு வேறு வழி. காசைப் பின்தொடருங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தெருச் சந்தியில் ஒரு கணக்கோடு தொடங்குகிறது. டிராமில் போனால் ஒன்றேகால் அணா, மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலை. கண்டக்டரை ஏமாற்றி பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. கூட்டிப் பாருங்கள்: பிள்ளையின் கணக்கெல்லாம் ஒன்றரை அணாவுக்குள். பிறகு காப்பிக் கடையில் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு, அதாவது 1600 அணா. கடைசியில் கடவுளிடமிருந்தே பிள்ளை நடத்தும் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாவாக 25 ரூபாய் வரவாகிறது. இந்தத் தொகைகளை மட்டும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதினால், யார் யாருக்கு வரம் கொடுத்தார்கள் என்ற சந்தேகம் தானாக வரும். குன்யா, அதாவது இங்கத்து வெற்றிலை பாக்கு, மென்றுகொண்டே வருகிற எங்கள் பையன்களுக்கு அந்த வெற்றிலைக் கவலையை நான் விளக்கவேண்டியதில்லை.

கட்டுரைக்கு இரண்டு நிறப் பென்சில் போதும். ஆசிரியர் கண்ணால் பார்த்ததற்கு ஒன்று, கேள்விப்பட்டதற்கு ஒன்று. 1942இல் பர்மாவிலிருந்து இந்தியா போன நடைப் பயணத்தை வெ. சாமிநாத சர்மா எழுதியிருக்கிறார். பிள்ளைகள் அதை நிறம் தீட்டிவிட்டு, அதே நடையைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நான் அதிக நேரம் நிற்பேன்.

நாடகத்தை உட்கார்ந்து படிக்காதீர்கள். 1891இல் வந்த மனோன்மணீயம் முழுக்கச் செய்யுள். தனியாகப் படித்தால் தூக்கம் வரும். ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நிற்கவைத்து, பேசாமல் நிற்பவர் முகத்தைப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் கேள்விகள் மட்டும். 'ஆசிரியர் அழகாகக் கூறுகிறார்' என்று எழுதினால் அந்த வரியை நான் கோடு போட்டு அடித்துவிடுவேன். எந்தச் சொல் அழகு என்று கேட்டால், பாவம், திரும்பவும் முதலடிக்குத்தான் போகிறார்கள்.